தரை துடைப்பவன் நாயகனான விளையாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் எல்லாமே பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குகின்றன என்று கடந்த வாரம் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதிக்கு நானும் கை தூக்குவேன். ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் என் தங்கையின் மகன் அறைக்கதவைச் சாத்திவிட்டு இரவு பதினொரு மணிக்கும் துவக்குச் சத்தம் எழுப்பினால் எனக்கும் ஆத்திரம்தான் வரும். (அசல் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை.) ஆனால் "எல்லாமே" என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

போன போயா (பௌர்ணமி) லீவுக்கு, "கொஞ்சம் இருந்து பாருங்கோ மாமா" என்று பெடியன் என்னைப் பக்கத்தில் இருத்தினான். விளையாட்டின் பெயர் 'ஏப்ஸ் ஒடிசி'. 1997இல் ஒட்வேர்ல்ட் இன்ஹாபிட்டன்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. நாயகன் ஏப், ஒடுங்கிய தோளும் தைத்த வாயுமாக, பார்க்கவே பாவமாக இருப்பான். இறைச்சி ஆலையொன்றில் தரை துடைப்பது அவன் வேலை. வெட்டுவதற்கு விலங்குகள் குறைந்துபோகவே, இனித் தொழிலாளரையே அரைத்து விற்பது என்று முதலாளிமார் கூட்டத்தில் முடிவாவதை ஓரிரவு ஒட்டுக்கேட்டுவிடுகிறான். நானும் ஓர் ஆலையில் இருபத்திரண்டு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன். கூட்ட அறைக்கு வெளியே துடைப்பத்தோடு நிற்பவன் காதில் என்னவெல்லாம் விழும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவன் கையில் துவக்கு இல்லை. காவலாளியின் குண்டு பட்டால் அதோடு சரி. நித்திரை கொள்ளும் காவலாளியை நுனிக்காலில் கடக்க வேண்டும். விழித்திருப்பவனென்றால், ஒளிவான இடத்தில் நின்று மந்திரம் முணுமுணுத்து அவன் உடம்புக்குள் புகுந்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது அதுவல்ல. கூட வேலை செய்பவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு 'ஹலோ' சொல்ல வேண்டும். அவன் பதில் சொன்ன பிறகுதான் 'என் பின்னால் வா'. கண்ணிவெடிக்கு முன்னால் 'நில்'. பறவைகள் வட்டமிடும் இடத்துக்குக் கூட்டிப்போய் மந்திரம் சொன்னால் அந்த வட்டமே வாசலாகத் திறக்கும். அவன் பாய்ந்து தப்பிவிடுவான். ஒரு தடவைக்கு ஒருவன்தான் பின்னால் வருவான். ஒருவனைக் கரைசேர்ப்பதற்குள் எங்கள் பெடியன் இருபது தரம் செத்திருப்பான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது ஆகாது. இரத்தமும் அரிவாள் பொறியும் தாராளம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் சொல்வது? உங்கள் வார இதழில் சினிமாப் படங்களுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள். எந்த விளையாட்டு எந்த வயதுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று, விளையாடிப் பார்த்த ஒருவரைக் கொண்டு கால் பக்கமாவது எழுதுவியுங்கள். எங்களைப் போன்ற மாமாமார் கதவைத் தட்டுவதற்கு முன் வாசித்துக்கொள்வோம்.

ஆலையில் மொத்தம் 99 பேர். 50 பேரையாவது மீட்டிருந்தால்தான் கடைசியில் ஏப்பைக் காப்பாற்ற ஆள் வரும். போன ஞாயிறு எங்கள் கணக்கு 47. ஏப் அரைக்கும் பொறிக்குள் விழுந்தான். பெடியன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூண்டு பேரை விட்டுட்டன் மாமா" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
உவர்மலை, திருகோணமலை.