மழைக்கு முன்பே வேண்டும் ஆணை

ஆசிரியருக்கு,

நெல் கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 17 விழுக்காட்டிலிருந்து 22 ஆகத் தளர்த்துமாறு தமிழக அரசு மத்திய அரசிடம் கோரியிருப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். வரம்பைத் தாண்டி ஈரமாக இருக்கும் நெல்லை அரசுக் கொள்முதல் நிலையங்கள் வாங்குவதில்லை. கோரிக்கை நியாயமானது, எழுப்பப்படும் நேரம்தான் தவறு. காவிரி டெல்டாவில் குறுவை நெல் அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் சந்திப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நெல் நனைந்த பிறகு கடிதம், அதன்பின் ஆய்வுக்குழு, அதன்பின் ஆணை என்றால், 2025-26 பருவத்தில் சன்னரக நெல்லுக்கு ஊக்கத்தொகையுடன் குவிண்டாலுக்கு அறிவிக்கப்பட்ட 2,545 ரூபாய் எங்கள் கைக்கு எப்படி வந்து சேரும்?

சென்ற குறுவையில் கொள்முதல் நிலைய வாசலில் 11 நாள்கள் தார்ப்பாய் போட்டு நெல்லைக் காத்துக் கிடந்தேன். பகலெல்லாம் கூலி கொடுத்து உலர்த்துவேன். இரவு மழை பெய்து மறுநாள் அதே ஈரம். முளைவிட்ட 14 மூட்டைகளை வியாபாரியிடம் பாதி விலைக்குக் கொடுத்தபோது, அறுவடை இயந்திர வாடகைகூட மிஞ்சவில்லை. வயலில் நான் செய்த பிழை எதுவுமில்லை. குறுவைக் கொள்முதல் தொடங்கும் செப்டம்பரிலேயே, அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கான தளர்வை ஆண்டுதோறும் தானாக நடைமுறைக்குக் கொண்டுவரும் நிலையான ஆணையை மத்திய அரசு பிறப்பிக்க வேண்டும். பெரிய நிலையங்களிலாவது மாநில அரசு உலர்த்தும் இயந்திரங்களை வைக்க வேண்டும்.

— ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்