பேச முடியாத பிள்ளைக்காக இரண்டு வேண்டுகோள்கள்: மயக்க மருந்து வைத்தியர்களுக்கும் கிழக்கு மாகாண சுகாதார அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தசைத் தளர்த்தி மருந்து (சத்திரசிகிச்சையின்போது மூச்சுத் தசைகள் உட்பட உடலின் தசைகளைத் தற்காலிகமாக அசையாமற் செய்வது) கொடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளையும், கொடுத்த பின் செய்ய வேண்டிய ஓர் அளவீட்டையும் திருகோணமலை மாவட்ட வைத்தியசாலைகள் அனைத்திலும் கட்டாய நடைமுறையாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இம்மருந்துகள் வேண்டாம் என்பது என் வாதமன்று. வயிறு நிறைந்திருக்கும் பிள்ளைக்கு அவசரமாகச் சுவாசக் குழாய் செலுத்தும்போதும், குரல்வளை இறுகி மூச்சு அடைபடும்போதும் சக்ஸமெத்தோனியம் என்ற விரைவாக வேலைசெய்யும் தளர்த்தி உயிர்காக்கும். ஆனால், வெளித்தெரியாத தசைநோயுள்ள பிள்ளைக்கு அதே மருந்து இரத்தத்தில் பொற்றாசியத்தைச் சடுதியாக உயர்த்தி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். 1990களின் முற்பகுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதுவரை ஆரோக்கியமானவர்களாகக் கருதப்பட்ட ஆண்பிள்ளைகள். அவர்களுக்கு, தசைகளைப் படிப்படியாக நலிவடையச் செய்யும் பரம்பரை நோயான டுஷேன் தசைச் சிதைவு நோய் இருந்தமை பின்னரே தெரியவந்தது.

ஆகவே தாயிடம் கேட்க வேண்டும்: பிள்ளை 18 மாதம் கடந்தும் நடக்கவில்லையா, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றுகிறானா, கெண்டைக்கால் வழமைக்கு மாறாகப் பருத்திருக்கிறதா, தாய்வழி மாமன்மாரில் எவரேனும் இளவயதில் நடக்க முடியாமற் போனார்களா? ஐயமிருந்தால், தசை சிதைவதைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் இரத்தப் பரிசோதனை ஒன்று போதிய துப்பைத் தரும். எமது சமூகத்தில் இன்னொரு கேள்வியும் அவசியம். மச்சான், மச்சாள் உறவில் மணம் முடிப்பது இங்கு புதிதன்று. சக்ஸமெத்தோனியத்தைச் சிதைக்கும் நொதியின் பரம்பரைக் குறைபாடு தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்து சேர்ந்தால், சில நிமிடங்களில் தீர வேண்டிய தளர்வு மணிக்கணக்கில் நீடிக்கும். குடும்பத்தில் எவருக்காவது சத்திரசிகிச்சைக்குப் பின் மூச்சு வரத் தாமதித்ததா என்பதை மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வரும் தாயிடம், அவருக்குப் பழக்கமான மொழியில், விடுதியில் முதல்நாளே அமர்ந்து கேட்க வேண்டும். கூடத்தின் வாசலில், அழும் பிள்ளையை வாங்கிக்கொண்டு கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது வேண்டுகோள் மருந்தின் முடிவைப் பற்றியது. வளர்ந்தவரிடம் தலையை உயர்த்துங்கள், கையை இறுகப் பிடியுங்கள் என்று சொல்லித் தசைவலு திரும்பியதை ஓரளவு அறியலாம். ஆறுமாதக் குழந்தையிடம் அது இயலாது. அதன் உதரவிதானம் விரைவில் களைக்கிறது, உடல் நிறைக்கேற்ப அது செலவிடும் ஒட்சிசன் வளர்ந்தவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, அத்துடன் வெக்குரோனியம், ரொக்குரோனியம் போன்ற வேறு தளர்த்திகள் கைக்குழந்தையில் நீண்டநேரம் தங்குகின்றன. எனவே மீந்திருக்கும் சிறிய தளர்வும் மீட்பு அறையில் ஆபத்தாகலாம். மணிக்கட்டு நரம்பை நான்கு முறை தூண்டி, நான்காவது தசைத்துடிப்பின் வலு முதலாவதின் 0.9 பங்கையாவது எட்டியதை அளந்தபின்னரே குழாயை அகற்ற வேண்டும். அதற்கான கருவியும் சிறு பிள்ளைகளுக்குரிய மின்வாய்களும் பாவனைக்குரிய நிலையில் கூடத்திலேயே இருக்க வேண்டும். தளர்வை மாற்றும் மருந்தான நியோஸ்டிக்மின் கொடுத்தாயிற்று என்பது அளவீட்டுக்கு ஈடாகாது.

அசையாத குழந்தைக்கு வலியில்லை என்று மருத்துவ உலகமே எண்ணியிருந்த காலமுண்டு. 1987இல் ஆனந்த் என்ற வைத்தியரும் அவரது சகாக்களும் சத்திரசிகிச்சைக்குள்ளான குறைமாதக் குழந்தைகளில் நடத்திய ஆய்வு, தளர்த்தியும் நைதரசு ஒட்சைட்டு என்ற மயக்க வாயுவும் மட்டும் பெற்றவர்களைவிட, வலி நீக்கியான ஃபென்டனிலும் பெற்றவர்களின் உடல் மிகக் குறைவாகவே அதிர்ச்சியுற்றதைக் காட்டியது. தளர்த்தி உறக்கத்தையோ வலி நீக்கத்தையோ தருவதில்லை என்பதைப் பெற்றோருக்கும் எளிமையாக விளக்குங்கள்.

பிள்ளைக்கு ஏதேனும் பாதகம் நேர்ந்தால், மருந்தின் பெயரையும் நடந்ததையும் தாய்மார் பத்திரமாக வைத்திருக்கும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த சத்திரசிகிச்சை கொழும்பிலோ மட்டக்களப்பிலோ நடந்தாலும் அந்த வரி அங்குள்ள வைத்தியரின் கண்ணில் படும். தமிழில் வினாப்படிவம் தயாரிக்கும் பணிக்கு என்னை அழைத்தால், ஊதியமின்றி வந்து உதவக் காத்திருக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர்
திருகோணமலை