குறுக்கோட்டமும் காலுக்கேற்ற சப்பாத்தும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

இந்தத் தவணை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. செந்தமிழ் விழாவில் நம் பிள்ளைகள் கதை சொல்லுதலிலும் கவிதை ஒப்புவித்தலிலும் சிறப்பாகச் செய்தார்கள். அறிவியல் புதிர்ப்போட்டிக்குப் போனவர்கள் பள்ளிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தார்கள். நீலாம் வாசிப்புத் திட்டம் சுறுசுறுப்பாக நடக்கிறது. பள்ளித் தோட்டத்தில் வெண்டைக்காய் காய்த்திருக்கிறது. உழைத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கை வழக்கம்போல வகுப்பாசிரியர் மூலம் வீட்டுக்கு வரும்.

அப்புறம், புறப்பாட நடவடிக்கை. பிள்ளைகள் தோட்டப் பாதைகளில் ஓடும் குறுக்கோட்டம் நெருங்கிவிட்டது, அதைத் தொடர்ந்து இல்ல விளையாட்டுப் போட்டி, சாரணர் முகாம் என்று வரிசையாக இருக்கிறது. அதற்கு முன் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். பிள்ளைகள் காலில் போட்டு வரும் சப்பாத்தையும் காலுறையையும் பற்றித்தான். இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்று கேட்கலாம். சென்ற வாரப் பயிற்சியில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கோயில் மேட்டைத் தாண்டியதும் நொண்ட ஆரம்பித்தாள். உட்கார வைத்துச் சப்பாத்தைக் கழற்றினால், முன்பக்கம் முழுக்க டிசு தாளை உருட்டித் திணித்திருக்கிறது. குதிகாலில் ஐம்பது காசு அகலத்துக்குத் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் காலுறையை எடுக்க முடிந்தது. "அம்மா அடுத்த வருஷத்துக்கும் சேத்து வாங்கினாங்க டீச்சர்" என்றாள். அழவில்லை. ஆசிரியைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே நாளில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் சப்பாத்து கால்வாய் ஓரத்துச் சேற்றில் மாட்டியது. அடிப்பாகம் சேற்றிலேயே நின்றுவிட்டது. மேல்பாகம் மட்டும் காலோடு வந்தது. பயிற்சி ஆசிரியர் ராபியா கயிற்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டி அவனைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். மற்றவர்கள் நிலைமையும் பெரிதாக மெச்சும்படி இல்லை. பலர் வகுப்புக்குப் போடும் கறுப்புச் சப்பாத்திலும், சிலர் ஃபுட்சால் சப்பாத்திலும் வந்திருந்தார்கள். இருவர் சிலிப்பரோடு வந்தார்கள்.

முதலில் அளவு. பிள்ளைகளின் கால் மளமளவென்று வளர்கிறது, போன தீபாவளிக்கு வாங்கியது இந்தப் பள்ளி விடுமுறைக்குள் பிடிக்கத் தொடங்கிவிடுகிறது; ஆகவே ஓர் அளவு, இரண்டு அளவு கூட்டி வாங்குகிறீர்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. வகுப்புக்குப் போடும் சப்பாத்தில் அதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஓடும் சப்பாத்தில் முடியாது. பெரிய சப்பாத்துக்குள் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலும் கீழும் வழுக்கும், தோலின் அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டுக் கொப்புளம் வரும். பள்ளத்தில் இறங்கும்போது கால் முன்னே தள்ளப்பட்டு நகம் இடிபடும். டிசு திணித்தாலும் இது நிற்காது, குதிகாலில்தானே வழுக்குகிறது?

கடையில் பிள்ளையை நிற்க வைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது கால் சிறியதாகத் தெரியும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். சப்பாத்தின் உள்ளட்டையை வெளியே எடுத்து, அதன்மேல் பிள்ளையை நிற்கச் சொல்லிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கால் பக்கவாட்டில் அட்டையைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்து ஒடுக்கம். நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் வாங்குவது நல்லது. ஓடும்போது போடும் காலுறையைக் கையோடு கொண்டுபோக மறக்காதீர்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுக் குச்சியில் அளவெடுத்துக்கொண்டு போவது வேண்டாம். இன்னமும் சிலர் அப்படித்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

அடிப்பாகம் கழன்ற சப்பாத்தைப் பார்த்தால் பழையது என்றே சொல்ல முடியாது. சென்ற ஆண்டுப் போட்டிக்குப் பிறகு பெட்டியோடு அலமாரியில் பத்திரமாக இருந்ததாம். வம்பே அங்குதான். பல சப்பாத்துகளின் அடிப்பாகத்தில் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நம் நாட்டு ஈரக்காற்றைச் சொல்லவே வேண்டாம். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருக்கும். ஆகவே எடுத்து வைத்த சப்பாத்தைப் போட்டியன்று காலையில் திறக்காதீர்கள். இன்றைக்கே எடுத்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். கீறல் விட்டாலோ, மாவாக உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அது ஓட்டத்துக்கு ஆகாது. பசை மட்டும் விட்டிருந்தால் கவலையில்லை. பட்டணத்தில் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையில், உட்கார்ந்து சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்தால் சுற்றித் தைத்துக் கொடுத்துவிடுவார்.

காலுறைக்கு வருகிறேன். பள்ளிக் காலுறைகள் பெரும்பாலும் பருத்தி, அல்லது பருத்தி கலந்தவை. வகுப்பில் உட்காரச் சுகமாக இருக்கும். ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். அதோடு ஓடினால் சரியான அளவுச் சப்பாத்திலும் கொப்புளம் வரும். ஓட்டத்துக்கு பாலியஸ்டரோ நைலானோ அதிகமாகக் கலந்த விளையாட்டுக் காலுறை வாங்குங்கள். அது வியர்வையைத் தோலிலிருந்து வெளியே இழுத்துவிடும், சீக்கிரம் காயும். எது எத்தனை விழுக்காடு என்று அட்டையிலேயே போட்டிருக்கும், ஒரு பார்வை பாருங்கள். இரவுச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பதிலும் நல்லது உண்டு. அதையும் கவனித்து வாங்கினால் சரி.

கணுக்கால் எலும்பை மூடும் உயரமாவது இருக்கட்டும். சப்பாத்துக்குள் மறைந்துபோகும் குட்டைக் காலுறை இப்போது பிள்ளைகளிடையே நாகரிகம். நம் குறுக்கோட்டப் பாதைக்கு அது ஆகாது. ஓடும்போது அது உள்ளே சுருண்டு இறங்கிவிடும், அப்புறம் குதிகால் நேரடியாகச் சப்பாத்தில் உரசும். காலுறை பெரியதாக இருந்தாலும் மடிப்பு விழுந்து உறுத்தும். அக்கா, அண்ணன் காலுறையைப் போட்டு அனுப்பாதீர்கள். முகாமுக்குப் போகிறவர்கள் கால்சட்டையின் அடியை உள்ளே செருகிக்கொள்ளும் அளவுக்கு நீளக் காலுறை கொண்டுவர வேண்டும். மழைக்குப் பிறகு இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் எவ்வளவு உற்சாகமாக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

மாற்றுக் காலுறை ஒரு ஜோடியை நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நனைந்த காலுறையோடு பிற்பகல் வரை வகுப்பில் உட்கார்ந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். வந்தால் எளிதில் போகாது. 2018-இல் பள்ளிச் சப்பாத்து கறுப்பாக மாறப்போகிறது என்று கல்வி அமைச்சு அறிவித்தபோது, வாராவாரம் வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்து வெண்மை பூசிய தாய்மார்கள் விட்ட பெருமூச்சு எனக்கு நினைவிருக்கிறது. ஒரே ஒரு குறை, கறுப்பில் அழுக்கும் ஈரமும் கண்ணுக்குத் தெரியாது. மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நனைந்த சப்பாத்தின் உள்ளட்டையை எடுத்துவிட்டுப் பழைய நாளிதழைத் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விட்டுவிடும்.

"எங்க வீட்டுல கம்போங் அடிடாஸ்தான் இருக்கு, அதுல வரலாமா டீச்சர்?" என்று சில பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போகிறவர்களும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களும் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். தயக்கமே வேண்டாம். மலையேறப் போகும் பட்டணத்துக்காரர்கள் இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள். முழுவதும் ஒரே வார்ப்பு ரப்பர் என்பதால் பிய்ந்து வர அடிப்பாகம் தனியாக இல்லை, அடியில் உள்ள குமிழ்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும், விலையும் மலிவு. சேறான முகாம் பாதைக்கு, பள்ளி வாங்கச் சொல்லும் எதையும்விட அதுவே மேல் என்பது என் சொந்தக் கருத்து. ஆனால் உள்ளே மெத்தை கிடையாது, வியர்வைக்குப் போக்கிடமும் இல்லை. தடித்த நீளக் காலுறை போட்டால்தான் சரிப்படும். தார் சாலையில் வெகுதூரம் ஓட அது வேண்டாம்.

ஃபுட்சால் சப்பாத்தின் அடி தட்டையாக இருக்கும். ஈரப் புல்லில் வழுக்கும். பந்து விளையாடும் ஆணி பூட்ஸ் திடலுக்கு மட்டும். ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான முதல் நிலைப் பிள்ளைகளுக்கு ஒட்டுப்பட்டைச் சப்பாத்து வசதிதான், ஆனால் சேறு ஏறினால் பட்டை ஒட்டாது. கயிறு கட்ட வீட்டில் பழக்கி அனுப்பினால் ஆசிரியர்கள் வகுப்பு முழுவதற்கும் குனிந்து கட்ட வேண்டியிருக்காது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை, "நாங்கள்லாம் வெறுங்கால்லதான் ஓடுனோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. நியாயமான கேள்விதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் மராத்தான் ஓடித் தங்கம் வென்றார். புதிதாகக் கொடுத்த சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தாததால்தான் அதைக் கழற்றினார் என்பார்கள். 1964-இல் தோக்கியோவில் அவரே சப்பாத்தும் காலுறையும் போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். பொருந்தாத சப்பாத்து வேண்டாம் என்பதில் அவரும் நானும் ஒரே கட்சி. ஆனால் அவர் ஓடியது ரோம் நகரத்துத் தெரு. நம் பிள்ளைகள் ஓடுவது செம்பனை நிரைகளின் ஓரம். வெட்டிய மட்டைகளை நிரைக்கு நடுவே அடுக்கி வைத்திருக்கிறார்கள். காய்ந்த மட்டை முள் சிலிப்பரையே துளைக்கும். உள்ளே ஒடிந்து தங்கினால் நாள்கணக்கில் வீங்கும். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தின் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறுகிறது. நம் தாத்தா பாட்டிகள் காலத்துத் தோட்டங்களில் அது எத்தனை பேருக்குச் சோகை கொடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே நோயைக் கொடுத்துவிடும்.

இனிச் சொல்வதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தகுந்த சப்பாத்தும் காலுறையும் இல்லாத மாணவர் குறுக்கோட்டத்திலோ அதற்கான பயிற்சியிலோ ஓட அனுமதிக்கப்பட மாட்டார். அன்று அவர் நேரக்காப்பாளருக்கு உதவியாக இருப்பார். "ஓடட்டும், ஒன்னும் ஆகாது, நான் பொறுப்பு" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாலும் ஏற்க மாட்டோம். பள்ளி நேரத்தில் பிள்ளைக்குப் பொறுப்பு நாங்கள். சென்ற வாரம் இரண்டு மாணவர்களை ஓட விடாமல் உட்கார வைத்த ஆசிரியரைப் பற்றிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த குரல் பதிவுகளைக் கேட்டேன். அந்த முடிவு பள்ளியின் முடிவு. மனக்குறை இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள், பேசலாம். இரவு பதினொரு மணிக்கு ஓர் ஆசிரியரை நாலு பேர் நடுவில் திட்டுவதை நான் அனுமதிக்க மாட்டேன்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். வீட்டு நிலைமை தெரியாமல் இதை எழுதவில்லை. அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் உதவித்தொகை சீருடையும் புத்தகப்பையும் வாங்குவதற்குள் கரைந்துவிடுகிறது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இன்னும் மூன்று ஜோடி சப்பாத்து என்பது சின்னச் செலவில்லை. அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நூலகத்தின் பக்கத்து அறையில் ஒரு சப்பாத்து அலமாரி தொடங்கியிருக்கிறது. பிள்ளைக்குச் சின்னதாகிப்போன, அடிப்பாகம் நல்ல நிலையில் உள்ள சப்பாத்துகளைக் கழுவிக் கொண்டுவந்து கொடுங்கள். வேண்டியவர்கள் அளவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுதத் தேவையில்லை, யாரும் கேட்க மாட்டார்கள். காலுறை மட்டும் புதியதுதான். சங்கம் மொத்த விலைக்கு வாங்கி அடக்க விலைக்கே கொடுக்கிறது. அதுவும் சிரமம் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

வரும் புதன்கிழமை பள்ளி முடிந்ததும் திடலில் சப்பாத்துப் பரிசோதனை நடக்கும். ஓட்டத்துக்குப் போடும் சப்பாத்தையும் காலுறையையும் பிள்ளைகளிடம் அன்று கொடுத்தனுப்புங்கள். வீட்டில் சில நாள் போட்டு நடந்து பழகிய சப்பாத்தாக இருக்கட்டும். கால் நகங்களும் வெட்டியிருக்கட்டும். ஏற்கெனவே கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். உடைந்திருந்தால் கழுவித் துடைத்துப் பிளாஸ்டர் போட்டு அனுப்புங்கள், அந்தப் பிள்ளை அன்று ஓட வேண்டாம்.

பாதையோரப் புல்லை வெட்டித் தரச் சம்மதித்த தோட்ட நிர்வாகத்துக்கும், பயிற்சி நாள்களில் ஐஸ் தண்ணீரும் மோரும் கொண்டுவரும் தாய்மார்களுக்கும், வேலை முடிந்த கையோடு மோட்டாரில் வந்து வளைவுகளில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தந்தையர்களுக்கும் பள்ளியின் நன்றி. கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தந்தைதான் கோயில் மேட்டு வளைவில் நிற்கப் பெயர் கொடுத்த முதல் ஆள். அவருக்குத் தனி நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: சப்பாத்தின் நாக்குக்கு உட்புறம் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அலுவலகத்தில் இப்போது உரிமையாளர் தெரியாத சப்பாத்துகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் இடது கால்.