பத்திரம் அவர் பெயரில் இருந்தாலும் பூட்டை மாற்ற அவருக்கு உரிமையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். சட்டம் படித்தவள் அல்லள். ஆயினும் சென்ற குளிர்காலத்தில் எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்த பிறகு, கழுத்தில் தாலி இருந்தும் பதிவேட்டில் கையெழுத்து இல்லாத பெண்களின் வீட்டுரிமையைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்த அந்தப் பெண், பதினோரு ஆண்டுகள் குடியிருந்த வீட்டின் வாசல் இரும்புக் கதவில் புதுப் பூட்டு தொங்குவதைக் கண்டாள். அவளுடைய துணிமணிகள் கறுப்புக் குப்பைப் பைகளில் திணிக்கப்பட்டு வெளியே கிடந்தன. ஒரு பையின் மேல் குத்துவிளக்கைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரியைக்கூட எடுக்காததால் மிச்ச எண்ணெய் வழிந்து, மகளின் பள்ளிச் சீருடை நனைந்திருந்தது. தொலைபேசியில் கேட்டபோது அவளுடன் வாழ்ந்துவந்தவர் சொன்னது இரண்டே வாக்கியங்கள்: "வீடு என் பெயரில் இருக்கிறது. நாம் சட்டப்படி கல்யாணம் செய்தவர்கள் இல்லை." காவல் நிலையத்திலோ, இது குடும்பத் தகராறு, திங்கட்கிழமை வக்கீலைப் பாருங்கள் என்றார்கள். "வீடு அவனுடையதுதானே அம்மா, நீ உன் ஆயா வீட்டுக்குப் போய்விடு" என்று அறிவுரை சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள். என்னை "அக்கா" என்று அழைத்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதவளைப் பார்த்தபோது, அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்குமோ என்று நானும் ஒரு கணம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த மனிதர் சொன்ன இரண்டு செய்திகளும் உண்மை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. நம் நாட்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, எல்லாச் சூழ்நிலைகளையும் ஆராய்ந்து நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி எவரையும் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்பு வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமோ மனைவிக்கு மட்டுமோ உரியதாக எழுதப்படவில்லை. சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் ஒருபடி மேலே போய், ஆணையில்லாமல் வெளியேற்றுவதைக் குற்றமாக்கி, அபராதமோ இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. முதலில் சம்மதத்துடன் குடிவந்து, பின்னால் அந்தச் சம்மதம் திரும்பப் பெறப்பட்டவர்களையும் இச்சட்டம் காக்கும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே பூட்டை மாற்றியவர்தான் சட்டத்தை மீறினார். வாசலில் நின்றவள் அல்லள்.

இப்படி வெளியே நிறுத்தப்பட்டவர் செல்லக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, பறிக்கப்பட்ட குடியிருப்பை உடனே மீட்டுத்தரும்படி அவசர மனுக் கொடுப்பது. இதில் நீதிமன்றம் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அமைதியாகக் குடியிருந்தாரா, சட்டவழி இல்லாமல் அகற்றப்பட்டாரா என்று மட்டும் கேட்டு, முதலில் உள்ளே விடு, உரிமை வழக்கைப் பிறகு பார்ப்போம் என்கிறது. தாமதிக்கத் தாமதிக்க மனு வலுவிழக்கும். மற்றது, 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கோருவது. மணமுடிக்காமல் கணவன் மனைவி போல் சேர்ந்து வாழ்ந்தவர்களையும் இச்சட்டம் வெளிப்படையாகவே சேர்த்துக்கொள்கிறது. அடி உதை மட்டுமல்லாமல், அடக்கியாள்வதும் பொருளாதார ரீதியாக நெருக்குவதும் அதன் பார்வையில் வன்முறையே. தேவைப்பட்டால் இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று மற்றவரையே தடுக்கவும், வாடகையையோ வீட்டுக்கடன் தவணையையோ அவரைக் கட்டச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். நம் தெருப் பெண் திங்கட்கிழமை காலை இந்த இரண்டாம் வழியில்தான் போனாள். அந்த வாரமே இடைக்கால ஆணையுடன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அப்படியானால் வீட்டை அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?" என்று என்னிடம் சினந்து கேட்டவர்கள் உண்டு. இல்லை. சொந்தக்காரர் முறைப்படி வழக்குத் தொடுக்கலாம். விசாரணைக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் அவளுக்கும் நகராட்சிக்கும் அறிவிப்புப் போக வேண்டும். அவள் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தவளானால் குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர், பெண் தலைமையிலான குடும்பங்கள் ஆகியோரின் தேவையோடு, மாற்று இடம் கிடைக்குமா என்பதையும் நீதிமன்றம் கருதிப் பார்க்கும். இறுதியில் வெளியேறும்படியே ஆணை வரலாம். சட்டம் அவளுக்குத் தருவது வீட்டை அல்ல, இருட்டியபின் தெருவில் நிற்காமலிருக்கும் அவகாசத்தை. பத்திரம் பெண் பெயரில் இருந்து ஆண் வெளியே நிறுத்தப்பட்டாலும் இதே விதிதான்.

அவகாசம் வேறு, பங்கு வேறு. இத்தனை ஆண்டுகள் சேர்ந்திருந்தால் தானாகவே மனைவி ஆகிவிடலாம் என்று நம்மிடையே உலவும் பேச்சு வெறும் கட்டுக்கதை. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. உடன்வாழ்வோருக்கென 2008இல் வெளியிடப்பட்ட மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை. 2012இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், இருபது ஆண்டுகளை ஒட்டிய உடன்வாழ்வுக்குப் பிறகு ஒரு பெண் 30 விழுக்காடு பங்கு பெற்றாள் என்றாலும், அதற்கு இருவரும் கூட்டாக உழைத்துப் பொருள் சேர்த்தார்கள் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நிரந்தரத் துணை இறந்தபின் வாரிசாகும் உரிமையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இன் கடைசி நாளில் வழங்கியது. துணை உயிரோடு இருந்து பூட்டை மாற்றும்போது அத்தீர்ப்பு உதவாது.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இதன் வேர் மணமேடையிலேயே இருக்கிறது. 1913இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல், கிறித்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணங்களைத் தவிர மற்றவற்றைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்ததால்தானே நம் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள்! சிறைசென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் படத்துக்கு மாலை போடும் நாம், இன்று இந்திய சமயச் சடங்கு செய்விக்கும் குருக்களே திருமண அலுவலராக நியமனம் பெற 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இடமளித்தும், அந்தப் பதிவேட்டைத் திறக்காமலே பந்திக்குப் போய்விடுகிறோம். முதல் மணம் இன்னும் முறியவில்லை, கடன்காரர் பயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் பல. பதிவான திருமணத்தில், முன் ஒப்பந்தம் எதுவும் எழுதாதபோது, வீட்டில் பாதி அவளுடையது. அவள் எழுத்துமூலம் சம்மதிக்காமல் விற்கவும் முடியாது. கோயில் நிர்வாகிகள் மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, கையெழுத்து வாங்க வரும் திருமண அலுவலர் யார் என்று கேட்பதை வழக்கமாக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

ஏற்கெனவே பதிவில்லாமல் வாழ்ந்துவருவோர், அந்த வீட்டில் குடியிருப்பதைக் காட்டும் தாள்களைச் சேர்த்துவைக்க வேண்டும். எங்கள் தெருப் பெண்ணுக்குக் கைகொடுத்தது அலுமாரி அடியில் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த பிரிபெய்ட் மின்சாரச் சீட்டுகள்தாம். எல்லாவற்றிலும் அந்த வீட்டு மீட்டர் எண் இருந்தது, பணம் போனது அவளுடைய வங்கி அட்டையிலிருந்து. மகளின் மருத்துவமனை அட்டையிலும் பள்ளி அறிக்கையிலும் அதே முகவரி. வக்கீலுக்குப் பணமில்லாதோர் அரசின் சட்ட உதவி நிறுவனத்தை 0800 110 110 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். இந்த எண்ணையாவது தாங்கள் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்