லீமன் சாலையில் நடப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் யார்க் நகர தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் விரிவாக்கத் திட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘இடையில் குறுக்கிடும் ஒரு பழைய தெரு மட்டும் மூடப்படும்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்தத் தெருவில் பல ஆண்டுகள் நடந்தவன் நான். மனம் கொதித்துவிட்டது.

அதற்குப் பெயர் உண்டு: லீமன் சாலை. சாலிஸ்பரி டெரஸ் பகுதி மக்கள் ரயில் நிலையத்துக்கு நடந்து போய்வந்த வழி.

கட்டடத்தின் மீது எனக்குக் குறையில்லை. 2020இல் ஃபீல்டன் ஃபௌல்ஸ் என்னும் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைப்புப் போட்டியில் வென்ற அந்தப் புதிய வட்டக் கூடம் அழகானதுதான். சாலைக்கு இருபுறமும் பிரிந்து கிடந்த அருங்காட்சியகக் கட்டடங்களான கிரேட் ஹாலையும் ஸ்டேஷன் ஹாலையும் அதன் மூலம் இணைக்க வேண்டும் என்பதும் நியாயமே. 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிய மல்லார்டு என்னும் நீராவி இஞ்சினைக் காட்ட, ஊரிலிருந்து வந்த உறவினர்களையெல்லாம் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன்.

ஆனால் திட்டப்படி, அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தில்தான் பாதசாரிகள் அந்தக் கூடத்தின் வழியே போகலாம். மற்ற நேரங்களில் சுற்றித்தான் போக வேண்டும். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தவன். விடியும் முன்பே அந்தச் சாலையில் எனக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள்: துப்புரவுப் பணியாளர்கள், சமையலறை வேலைக்காரர்கள், முதல் ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள். அருங்காட்சியகம் திறக்கும்வரை அவர்கள் காத்திருக்க முடியுமா? ஆற்றங்கரைப் பாதை இருக்கிறதே என்பீர்கள். குளிர்காலத்தில் ஊஸ் ஆறு பெருகினால் அந்தப் பாதை தண்ணீருக்குள் போய்விடும். இதையெல்லாம் சொல்லித்தான் குடியிருப்போர் எதிர்த்தார்கள். கட்டுரையில் அதற்கு இடமில்லை.

உங்கள் இதழுக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோதும் முகப்பின் வண்ணப்படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமல் மூட்டை முடிச்சுகளோடு அலைந்த பயணிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. கட்டடக் கலைஞர்களின் பெயரை எழுத்துப் பிசகாமல் அச்சிடுகிற உங்களுக்கு, ஒரு சாலையின் பெயரை எழுத மனம் வரவில்லையே!

அடுத்த இதழில் லீமன் சாலையின் பெயரையும், அதில் திட்டத்துக்காக மூடும் பகுதி எது என்று காட்டும் சிறு வரைபடத்தையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தாம்பரம்.