எந்தப் பெண்களின் நிலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் வரலாற்றுப் பாடத்தில் சாதியையும் மதத்தையும் எதற்கு இழுக்கிறார்கள், பெண் என்றால் பெண்தானே என்று வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். தக்கலையில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, இப்போது ஞாயிறு வகுப்புக்குப் போய் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் தோள்சீலைப் போராட்டத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மார்பை மூடும் உரிமைக்காகப் பெண்கள் போராடினார்கள், 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா அனுமதித்தார் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுவோம். வகுப்பில் பேராசிரியை அந்த ஆணையை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். நாடார் பெண்கள், மதம் மாறிய கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம். கடலோர மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி மூடினாலும் சரி, மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் மூடக் கூடாது.

துணியைத் தொட்டுப் பிழைக்கிறவள் நான். முரட்டுத் துணி என்று கேட்டதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. மூடிக்கொள் என்று சொல்லும்போதே எந்தத் துணி, எந்தக் கட்டு என்று சாதி பார்த்து அளவெடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் பலகையில் நாயர் பெண், நாடார் பெண், புலையர் பெண் என்று எழுதி, இந்த ஆணையால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். மேல்சாதியான நாயர் பெண்ணுக்கு மேல்முண்டு என்ற மேல்துணி முன்பே உண்டு. ஆனால் அவளும் சாமி முன்னாலும் தனக்கு மேலானவர் முன்னாலும் அதை விலக்க வேண்டியிருந்தது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த புலையர் சாதிப் பெண் அந்த ஆணையிலேயே இல்லை. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் கல்லுமாலை என்ற கல்மணி மாலைதான் போட வேண்டும் என்ற கட்டாயத்தை, புலையர் தலைவர் அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அவர்கள் அறுத்தெறிந்தது 1915இல், கொல்லம் பகுதியில். நடுவில் 56 வருடம்.

பெண் என்பதையும் சாதி, இனம் போன்றவற்றையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கு இன்டர்செக்‌ஷனாலிட்டி என்று பெயர் வைத்தவர் கிம்பர்லே கிரென்ஷா என்ற அமெரிக்கக் கறுப்பினச் சட்ட அறிஞர், 1989இல். அவர் எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. ஒரு கார் கம்பெனியில் வேலை போன கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். அங்கேதான் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அப்படி எடுக்கப்பட்ட பெண்களோ வெள்ளையர்கள். பெண், கறுப்பினம் இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஊடும் பாவும் சேர்ந்தால்தானே துணி? ஒன்றை உருவிவிட்டால் கையில் இருப்பது வெறும் நூல்.

அதற்காக, சாதியை மட்டும் பேசினால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. நாங்கள் படித்த ஆவணங்களை எழுதியவர்கள் திவான், ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேய அரசின் பிரதிநிதி, மிஷனரி என்று எல்லாரும் ஆண்கள். சந்தைக்குப் போன இடத்தில் மேல்துணி கிழிக்கப்பட்ட பெண் என்ன சொன்னாள் என்று அவற்றில் தேடித் தேடிப் பார்த்தோம். அவள் சொன்னதாக ஒரு வரி அகப்படவில்லை.

போன பருவத் தேர்வில் ஒரு கேள்வி: 'திருவிதாங்கூரில் பெண்களின் நிலையை விவரி.' எந்தப் பெண்களின் நிலை என்று தொடங்கி, மேலே சொன்னதை எல்லாம் நாலு பக்கம் எழுதினேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும்' என்று எழுதியிருந்தது. பத்துக்கு மூன்று. மதிப்பெண் போனால் போகட்டும், ஆனால் அந்த அடித்தல் வலித்தது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் அடுத்த முறை 'பெண்கள்' என்று எழுதும்போது, எந்தச் சாதி, எந்த வேலை, எந்த ஊர்ப் பெண்கள் என்பதையும் கேள்வியிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரர்,
தக்கலை.