அலமேலுவில் தொலைந்த மங்கை

மெல்பர்ன்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே நலம். அங்கே நீங்கள் எல்லோரும், பெயர் வைத்த பிறகும் பெயரில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும் சின்னவளும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன் என்று நினைத்திருப்பாய். உண்மையில், அந்தக் கேள்வி இங்கே வந்த நாளிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றோடு போய் ஒட்டிக்கொண்டதால், பேச்சோடு பேச்சாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. இன்று விடுமுறை, ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அலமேலு என்று அப்பத்தாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்ததில் யாருக்கும் வருத்தமில்லை, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை என்றாய். உன் மனைவிக்கு அது மூக்குத்தியும் வெற்றிலைப் பெட்டியுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியின் பெயராகவே கேட்கிறது. அம்மாவின் கதை வேறு. மாமியார் பெயரை அவர் ஒருநாளும் தம் வாயால் சொன்னதில்லை. ரேஷன் அட்டைக்கு விவரம் எழுத வந்தவர் கேட்டபோதுகூட, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாரே, அது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது மிகச் சிறியவன். அப்படிப்பட்டவர் இப்போது அதே பெயரைச் சொல்லிப் பேத்தியை அதட்டுவது எப்படி நடக்கும்? "பாப்பா" என்று எத்தனை நாள் ஓட்டுவது என்று நீ கவலைப்படுவது நியாயம்தான். "யாரும் வைத்திருக்காத செல்லப் பெயராக ஒன்று கண்டுபிடித்துச் சொல்" என்பது உன் கட்டளை.

இந்த நாட்டில் என் பெயருக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். வந்த முதல் சில வாரங்கள் நான் அப்பாவாக இருந்தேன். குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் எழுத நமக்கு வேறு எதுவும் இல்லாததால் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் போய் அமர்ந்துகொண்டது அல்லவா, அதனால் வங்கியிலும் மருத்துவரிடத்திலும் அந்தப் பெயருக்கு முன்னால் "மிஸ்" சேர்த்து அழைப்பார்கள், நான் யாரையோ அழைக்கிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பேன். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு எந்தப் பெயரையும் முழுதாகச் சொல்லப் பொறுமை இல்லை. பெயரை வெட்டி, கடைசியில் ஒரு ஓகாரத்தையோ ஈகாரத்தையோ ஒட்டிவிட்டால்தான் அவர்களுக்கு ஒருவர் பழகியவராக ஆகிறார். டேவிட் என்றால் டேவோ, ஜான் என்றால் ஜானோ. அந்தக் கணக்கில் பார்வதியாகிய நான் முதல் நாளே "பார்வோ" ஆனேன். பார்வோ என்பது நாய்க்குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயின் பெயர். நாய் வளர்க்கும் ஒருவர் அங்கே இருந்ததால் அந்தப் பெயர் மதிய உணவு வேளையைத் தாண்டவில்லை.

அடுத்த நாள் வேறொரு வழியில் வந்தார்கள். ஷாரன் என்ற பெயரை "ஷாஸ்" என்றும், பாரி என்பதை "பாஸ்" அல்லது "பாஸா" என்றும், கேரி என்பதை "காஸா" என்றும் சொல்வது இவர்கள் வழக்கம். அந்தக் கடைசி எழுத்து நம் ஸகரம் இல்லை, வண்டு முரலுவது போன்ற ஒலி. பெயரின் நடுவில் இருக்கும் ரகரம், வெட்டியபோது சொல்லின் கடைசிக்கு வந்துவிடுகிறது. கடைசியில் வரும் ரகரத்தை இவர்கள் நாக்கு உச்சரிப்பதில்லை. ஆகவே அந்த ஓட்டையை வண்டொலியால் அடைக்கிறார்கள். இப்படியாக நான் "பாஸ்" ஆகி, இன்றுவரை பாஸாகவே இருக்கிறேன். உன் காதில் இது "முதலாளி" என்று விழும் என்பது தெரியும், சிரித்துக்கொள். சிவந்த முடிக்காரரைப் பார்த்து "புளூயி", அதாவது நீலன், என்று கூப்பிடும் நாட்டில் எனக்கு இது வாய்த்தது நல்ல காலம்தான்.

நான் பார்த்துக்கொள்ளும் மூதாட்டிகளின் பெயர்களைக் கேட்டால் உன் மனைவி தன் கருத்தை மாற்றிக்கொள்வாள். மில்ட்ரெட், மேவிஸ், எதெல், கெர்ட்ரூட், வினிஃப்ரெட் என்று எல்லாம் இவர்கள் நாட்டு அலமேலுக்கள். ஒவ்வொருவரின் கோப்பிலும் முழுப்பெயருக்குக் கீழே "எப்படி அழைக்கப்பட விரும்புகிறார்" என்று ஒரு கட்டம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். ஆனால் நினைவு மங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், முழுப்பெயருக்குத் திரும்பாமல், சிறு வயதில் கூப்பிட்ட பெயருக்குச் சட்டென்று முகத்தைத் திருப்புவதைப் பார்த்த பிறகு, எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.

வினிஃப்ரெட் என்று எழுதியிருந்த ஒரு கோப்பில், அந்தக் கட்டத்தில் "ஃப்ரெட்டி" என்று இருந்தது. ஃப்ரெட்டி ஆண்பிள்ளைப் பெயர் ஆயிற்றே என்று நினைத்து, எழுத்துப் பிழையோ என்று அவரிடமே கேட்டேன். 93 வயது, ஆனாலும் பதில் கூர்மையாக வந்தது. பள்ளியில் அவர் வகுப்பில் இரண்டு வினிஃப்ரெட்டுகளாம். வழக்கமான "வின்னி"யை மற்றவள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டாளாம், தலை போனதால் தனக்கு வால் கிடைத்தது என்றார். உனக்குத் தேவையான பாடத்தின் பாதி அந்த வாலில்தான் இருக்கிறது. பெயரின் முன்பகுதியை எல்லோரும் எடுப்பார்கள், அதனால்தான் அது எல்லோருக்கும் தெரிந்த பெயராக இருக்கிறது. கெர்ட்ரூடின் பின்பாதி "ட்ரூடி" ஆனதும், டோரதியாவின் ஈற்றிலிருந்து "தியா" வந்ததும் அப்படித்தான்.

இதைவிடத் துணிச்சலான வழிகளும் இவர்களிடம் உண்டு. ராபர்ட் எப்படி பாப் ஆனார், வில்லியம் எப்படி பில் ஆனார் என்று நாம் பள்ளியில் குழம்பியிருக்கிறோம். முதலில் ராப் என்றும் வில் என்றும் சுருக்கி, பிறகு எதுகை போல முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மேரி மாலியாகி, மாலி பாலியானாள். மார்கரெட் மெக்கியாகி, மெக்கி பெக்கியானாள். அதே மார்கரெட்டுக்கு "டெய்சி" என்றும் ஒரு செல்லப் பெயர் உண்டு. ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரெஞ்சு மொழியில் மார்கரீத் என்பது டெய்சி வகைப் பூ ஒன்றின் பெயர், அதன் வழியாக வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது எட்வர்டுக்கு வழங்கும் "நெட்". பழைய ஆங்கிலப் பேச்சில் "மைன் எட்", அதாவது என் எட், என்று கொஞ்சியபோது, "என்" என்பதன் கடைசி ஒற்று பெயரோடு போய் ஒட்டிக்கொண்டு நெட் பிறந்தது. எல்லன் நெல் ஆனதும், ஆன் நான் ஆனதும் இதே கொஞ்சலில்தான். செல்லப் பெயரைக் குறிக்கும் "நிக்நேம்" என்ற சொல்லே இப்படி ஒட்டிப் பிறந்ததுதான். "ஈக்நேம்" என்றால் கூடுதல் பெயர். அதற்கு முன்னால் வரும் "அன்" என்பதன் னகரம் இந்தப் பக்கம் தாவி, 15ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே அது "நெக்கநேம்" ஆகிவிட்டது.

நம்முடைய முறையை யோசித்துப் பார். முதல் இரண்டு எழுத்தை எடு, ஓர் உகரத்தை வை. ராமு, சுப்பு, ஜானு, காமு. இன்னும் செல்லம் வேண்டுமென்றால் ஒற்றை இரட்டி: கிருஷ்ணன் கிட்டு, ருக்மிணி ருக்கு, சரஸ்வதி சச்சு. அலமேலுவை இந்த இயந்திரத்தில் போட்டால் அலமுதான் வரும், தெருவுக்கு ஒரு அலமு இருந்த காலம் ஒன்று உண்டு. நடுவிலிருந்தோ வாலிலிருந்தோ எடுப்பது நம்மிடம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. சீனிவாசனிலிருந்து வாசு, ராமச்சந்திரனிலிருந்து சந்துரு, விசாலாட்சியிலிருந்து சாலா எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஆகவே வினிஃப்ரெட் பாட்டியின் வழியில் அலமேலுவின் வாலைப் பிடித்துப் பார்த்தேன். "மேலு" நன்றாகத்தான் இருக்கிறது, இங்கே யார் கேட்டாலும் கனிந்தது, மென்மையானது என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாகவே அவர்கள் காதில் விழும். ஆனால் அங்கே நம் வீட்டுத் தாழ்வாரத்தில் "மேலு, கீழே இறங்கு" என்று நீ கத்துவதை நினைத்ததும் கைவிட்டுவிட்டேன். "லூ" என்று இன்னும் சுருக்கலாம். அது இங்கே கழிப்பறை, எனவே அந்தப் பேச்சே வேண்டாம். உன் மனைவி சொன்னதாக நீ சொன்ன "ஆலி", "மெல்" இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை, மன்னித்துக்கொள். பெயரை வெட்டி வெளிநாட்டுச் சட்டை மாட்டுவதற்கு ஆயிரம் பேர் இங்கே இருக்கிறார்கள், அதை வீட்டிலிருந்தே தொடங்கவேண்டியதில்லை.

பிறகுதான் பெயரையே பிரித்துப் பார்க்கத் தோன்றியது. அப்பத்தாவின் பெயர் முழுப்பெயரே அல்ல, தம்பி. "அலர்மேல் மங்கை உறை மார்பா" என்று நம்மாழ்வார் திருவேங்கடமுடையானை அழைக்கிறாரே, அந்த அலர்மேல் மங்கைதான் பேச்சில் தேய்ந்து அலமேலுமங்கை ஆனாள். இவர்கள் ஷாரனில் தொலைத்த ரகரத்தை நாம் அலரில் தொலைத்தோம். அதன்பின் அதுவும் நீளம் என்று மங்கையை விட்டுவிட்டு அலமேலு என்று நிறுத்திக்கொண்டோம். அலர் என்றால் பூ, ஆகவே பூவின் மேல் என்பதோடு பெயர் முடிந்துவிடுகிறது. பூவின் மேல் யார்? முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே குடியிருப்பவளைத் துரத்திவிட்டோம். கிழவியின் பெயர் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒரு செல்லச் சுருக்கம்தான் என்று தெரிந்ததும், நள்ளிரவுப் பணியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

முதலில் "அலர்" என்றே கூப்பிடலாமே என்று ஆசைப்பட்டேன். மூன்றே எழுத்து, மலர் போல் தேய்ந்துபோகாத சொல், பள்ளியில் இன்னொரு அலர் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் பழைய இலக்கியத்தில் அலர் என்றால் ஊர் வாயில் அடிபடும் காதல் பேச்சும் ஆகும். குறளில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தான். எனக்கு அதில் ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. என்றாலும், அவள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது தமிழாசிரியர் ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார், வகுப்பும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காது.

என் முடிவு, விட்டுப்போன "மங்கை"யை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது. அலமேலுவுக்கும் மங்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு மார்கரெட்டுக்கும் டெய்சிக்கும் உள்ளதைப் போல ஒரு கதை சொல்லலாம், அந்தக் கதையும் அவளுடைய சொத்தாக இருக்கும். தெலுங்கு பேசுபவர்கள் மங்கா, மங்கம்மா என்று அந்தப் பின்பாதியைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள், எனவே இது நான் ஆகாயத்திலிருந்து பறித்ததும் அல்ல. "மங்கா" என்றே வைத்தால் மங்காத என்ற பொருளும் கிடைக்குமே என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு ஒரு கால் சேர்த்து மாங்கா ஆக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நாள் போதும். ஐகாரத்தோடு மங்கை என்றே இருக்கட்டும். இலக்கண நூல்களைப் புரட்டினால் பருவங்களில் பேதைக்கும் பெதும்பைக்கும் அடுத்துத்தான் மங்கை வருவாள், 12 வயதை ஒட்டித்தான் அந்தப் பட்டம். தவழும் பிள்ளைக்குச் சற்று முன்கூட்டியே கொடுக்கிறோம், வளர்ந்து பிடித்துக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சைக் கேட்டு நாளைக்கே ஊருக்கெல்லாம் அறிவித்துவிடாதே. ஒரு வாரம் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார். கொஞ்சும்போது எந்தப் பெயரும் இனிக்கத்தான் செய்யும். அவள் மின்சாரப் பலகையில் கை வைக்கப் போகும்போது உன் வாயில் தானாக மங்கை வருகிறதா, இல்லை பாப்பாதான் வருகிறதா என்பதைக் கவனி. பாப்பாதான் வருகிறதென்றால் வேறொன்று தேடுவோம். அலமேலு என்ற பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். என்னுடன் வேலை செய்யும் இளம்பெண்கள் பலர் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு ஐவி என்றும் எல்சி என்றும் மேபல் என்றும் தேடித் தேடிப் பெயர் வைக்கிறார்கள், எல்லாம் கொள்ளுப்பாட்டிகளின் பெயர்கள்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்ட வேண்டாம், காரணம் உனக்கே தெரியும். மாமியார் பெயரின் மறுபாதி இது என்று சொல்லாமல், "மங்கையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அந்தப் பெயரைத் தயங்காமல் திருப்பிச் சொல்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா
பார்வதி
(இங்கே பாஸ்)